தேரூர் குளக்கரையா, மணக்குடி உப்பளமா: பிள்ளைகளோடு நடக்க எது தோது?

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை டிவி முன்னாலிருந்து எப்படியாவது கிளப்ப வேண்டும் என்று ஆரம்பித்த கதை இது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நானும் அவரும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகன், ஐந்து வயது மகள், முழங்கால் வலியோடு அத்தை. அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆச்சி வந்தால்தான் அவளும் வருவாள்.

நாகர்கோவிலிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தண்ணீரும் பறவையும் இருக்க வேண்டும். மலை ஏறக் கூடாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது இரண்டு இடம்தான்: சுசீந்திரம், தேரூர் குளங்களின் கரை ஒன்று, பழையாறு கடலில் சேரும் மணக்குடி இன்னொன்று. ஒரே ஆற்றின் கதைதான் இரண்டும். சுருளோடு பக்கம் மலையடிவாரத்தில் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி வழியாக வந்து, நாஞ்சில்நாட்டு வயலுக்கெல்லாம் பாய்ந்து, மிச்சம் மீதி தண்ணீர் மணக்குடியில் கடலுக்குப் போகிறது.

காளிகேசம் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். ஆறும் பாறையும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது காடு. வனத்துறை 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் அதுவும் ஒன்று; முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற வகை. ஆச்சியும் சின்னவளும் வருகிற நடைக்கு அது சரிப்படாது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் ஒருமுறை போனோம். பறளியாற்றுக்கு 115 அடி உயரத்தில் நடப்பது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். அத்தை பத்தடி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மணக்குடிக்கும் தேரூருக்கும் பொதுவான சமாச்சாரங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். இரண்டுக்கும் விடியற்காலையில் போக வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவை அதிகம். தொப்பி, தண்ணீர், ஒரு பைனாகுலர். தின்பதற்கு மட்டிப்பழம் போதும். தோலை மட்டும் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

முதலில் போனது மணக்குடிக்கு. காரணம் மகன்தான். அவனுக்குப் பூநாரை பார்க்க வேண்டும், புத்தளம் பக்கத்து உப்பளங்களில் அவை வருவதாக வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காட்சி என்று எடுத்துக்கொண்டால் மணக்குடிதான் ஒரு படி மேல், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் இருக்கிற பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் மணல் திட்டு, அதைத் தாண்டிக் கடல். 2004 டிசம்பர் 26-ல் இங்கே இருந்த பழைய பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. அத்தை அந்தப் பேச்சை எடுத்ததும் நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். கரையோரம் கண்டல் மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. "அம்மா, மரம் மூச்சு விடுதா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், அந்த வேர்கள் மூச்சு விடத்தான் வெளியே வருகின்றன. அவளாகக் கேட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்புறம் உப்பளத்து வரப்புக்குப் போனோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நடந்தோம். "ஓரமாப் போங்க, பாத்தியில காலை வச்சிராதீங்க" என்றார். வரப்பு இரண்டடி அகலம்கூட இருக்காது. மேலே காய்ந்த மண் மாதிரி தெரியும், காலை வைத்தால் அடியில் வழுவழு. ஒரு கிலோமீட்டர் போல உள்ளே போயிருப்போம். தூரத்தில் நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் குச்சி குச்சியான காலோடு நின்றன, மகன் எண்ணிக்கொண்டே முன்னால் போய்விட்டான். மணி எட்டே முக்கால். ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது. கீழே வெள்ளைப் பாத்தி வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கிறது. அந்த இடத்தில் சின்னவளுடைய செருப்பின் வார் சேற்றில் அறுந்தது. வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்தாள், உப்புப் பொருக்கு குத்தியது, உட்கார்ந்துவிட்டாள்.

உட்காரவும் இடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் போனாலும் ஒரு கிலோமீட்டர், பின்னால் வந்தாலும் ஒரு கிலோமீட்டர். அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றை ஆள் வரப்பில் பக்கவாட்டில் நடந்தேன். "இன்னும் கொஞ்சந்தான் மக்ளே, கொஞ்சந்தான்" என்று அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைக்குச் சொன்னாரா, தன் முழங்காலுக்குச் சொன்னாரா தெரியாது. பூநாரை அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து புட்டும் பயறும் சாப்பிடும்போது பேசி முடிவு செய்தது ஒன்றுதான். குடும்பத்தோடு நடக்க இடம் தேடும்போது அழகையும் தூரத்தையும் முதலில் பார்க்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும் எந்த இடத்திலும் "போதும், வீட்டுக்குப் போவோம்" என்று சொல்ல முடியுமா, அதைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இது தோன்றாது. நாம் மூன்று கிலோமீட்டர் என்று முடிவு செய்தால் மூன்று கிலோமீட்டர் நடந்துவிடுவோம். ஐந்து வயதுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை அடுத்த நிமிடம் நடக்கவே மாட்டேன் என்று நிற்கும். அத்தைக்கும் அப்படித்தான், முழங்கால் எப்போது பிடிக்கும் என்று அவருக்கே தெரியாது. உள்ளே போகப் போகத் திரும்பும் தூரமும் கூடிக்கொண்டே போகிற பாதையில் அந்த ஒரு நிமிடம் மொத்தக் காலையையும் கெடுத்துவிடும்.

இந்தக் கணக்கில் தேரூர் எங்கேயோ முன்னால் போய்விடுகிறது.

சுசீந்திரத்தில் இறங்கி, குளக்கரையைப் பிடித்துத் தேரூர் பக்கம் நடந்தோம். குளத்துக்கும் சாலைக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ தென்னையோ, கொஞ்சம் தள்ளி வீடு, டீக்கடை, ஆட்டோ. அவர் முதலில் வண்டியை எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு எதிரே நடந்து வந்தார். அதனால் திரும்பி நடக்க வேண்டிய தேவையே இல்லை. முதல் தடவை சின்னவள் முக்கால் கிலோமீட்டரில் வெள்ளைக்கொடி காட்டிவிட்டாள். ஆச்சியும் அவளும் ஒரு படித்துறையில் உட்கார்ந்து மட்டிப்பழம் தின்றார்கள், நானும் மகனும் போய்விட்டு வந்தோம். யாருக்கும் முகம் வாடவில்லை. இப்போது அவளே போக வர மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். நிறுத்தலாம் என்று தெரிந்ததால்தான் நடக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பறவை இங்கே கிட்டத்தில் இருப்பது இன்னொரு சௌகரியம். உப்பளத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது, பைனாகுலரைச் சின்னவளுக்குப் பிடிக்கவே தெரியவில்லை. தேரூரில் பைனாகுலர் இல்லாமலே நீலத் தாழைக்கோழி தெரியும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் கூட. மரத்திலும் திட்டிலும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இருக்கும் நாட்களில் மகன் நோட்டை எடுத்துவிடுவான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது இலைக்கோழிதான். அன்றைக்குப் பூப் பறிப்பவர் ஒருவர் டயர் டியூபில் மிதந்தபடி தாமரையை ஒவ்வொன்றாக ஒடித்து மடியில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பத்தடி முன்னால் ஒரு நீளவால் இலைக்கோழி இலைக்கு இலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளமான விரல்கள். அதை விரித்து வைத்துப் பாரத்தைப் பரப்புவதால் இலை அமுங்குகிறதே தவிர முழுகுவதில்லை. அந்த ஜாதியில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் அப்பன்தான், தாய் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும் என்று மகன் படித்துவிட்டு வந்து சொன்னான். "நல்ல ஊரு" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் காதில் விழாத மாதிரி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2022-ல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, 94 ஹெக்டேர் சொச்சம். அந்தப் பேரைக் கேட்டுவிட்டுப் பூங்கா மாதிரி கற்பனை செய்துகொண்டு வந்துவிடாதீர்கள். இது பாசனக் குளம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் தண்ணீர் கொடுக்கிற வேலை அதற்கு இருக்கிறது. கரையில் மாடு போகும், பைக் போகும். குடித்துவிட்டு உடைத்த பாட்டில் கிடக்கும், ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கரைச் சரிவில் கைப்பிடி எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் நடக்க விடாதீர்கள். கரையில் கழிப்பறையும் இல்லை, சுசீந்திரத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. மார்கழித் தேரோட்ட நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கவிமணி பிறந்த ஊர் தேரூர் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். என் மகனுக்கு அதைவிட ஊருக்குள் கிடைத்த ரசவடைதான் நினைவில் இருக்கிறது.

நான் சொல்வதில் ஓட்டை உண்டு. மணக்குடிக்கு ஒரே ஒரு தடவைதான் போனோம், அதுவும் வெயில் நாளில், மோசமான செருப்போடு. வரப்புக்குள் போகாமல் பாலத்தையும் கண்டல் கரையையும் மட்டும் பார்த்துவிட்டு ஏழரைக்கே திரும்பியிருந்தால் இவ்வளவு குறை சொல்லியிருக்க மாட்டேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் உள்ள வீடென்றால் மணக்குடிக்கே போகச் சொல்வேன். தேரூருக்கு நாங்கள் போனதெல்லாம் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். தென்மேற்குப் பருவமழையில் கரைமண் எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்ததில்லை. ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழியைக் கல்யாணத்துக்குப் போன வழியில் பட்டுப்புடவையோடு பத்து நிமிடம் பார்த்ததோடு சரி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மகன் பூநாரையை விடுவதாக இல்லை. அடுத்த மாதம் அவனும் அப்பாவும் மட்டும் ஐந்தரை மணிக்குக் கிளம்பி மணக்குடி போகிறார்கள். அதே நேரம் நானும் அத்தையும் சின்னவளும் தேரூரில் இருப்போம். அவளுக்குப் புது ஷூ வாங்கியாகிவிட்டது, ஒட்டுகிற பட்டி வைத்தது.