ஃபென்வே பார்க்: விலையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்

ஜூன் பள்ளி விடுமுறையில் பாஸ்டன் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் 1912இல் திறந்த இந்த பேஸ்பால் அரங்கைத் தவறவிடக் கூடாது. இருக்கையில்தான் கவனம் வேண்டும்.

கிராண்ட்ஸ்டாண்ட் எனும் கூரையிட்ட இருக்கைப் பகுதியில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் நிற்கின்றன. பின்னால் மாட்டினால் பந்து வீசுபவரோ அடிப்பவரோ, யாராவது ஒருவர் மறைந்துவிடுவார். வலப்புறக் கோடியில், எண் குறைந்த பிரிவுகளில், இன்னொரு தொல்லை: நாற்காலிகள் மைதானத்தின் நடுவை நோக்கியிருப்பதால் அடிப்பவரைப் பார்க்க ஆட்டம் முழுக்கக் கழுத்தை இடப்பக்கம் திருப்பியே உட்கார வேண்டும். பழைய மர நாற்காலிகள் குறுகல். உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும்.

அந்தக் காசுக்கு, மைதானத்தின் தொலைக் கோடியில் கூரையில்லாமல் இருக்கும் பிளீச்சர்ஸ் இருக்கைகள் எவ்வளவோ மேல். அடிப்பவர் தொலைவில்தான், ஆனால் தூண் மறைக்காது. அரங்கின் அடையாளமான 37 அடி உயரப் பச்சைச் சுவரும் கண்ணுக்குத் தெரியும். பகல் ஆட்டமென்றால் தொப்பி அவசியம், நிழலே இல்லை.

பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணி ஆட வரும் நாளையும் வார இறுதியையும் தவிர்த்தால் விலை குறையும். மறுவிற்பனை டிக்கெட் ஆட்டம் நெருங்க நெருங்கப் பெரும்பாலும் இறங்கும். சேவைக் கட்டணம், அட்டையின் வெளிநாட்டுக் கட்டணம் இரண்டையும் கூட்டியே ஒப்பிடுங்கள். அங்கே போய் வாங்குவதானால் சிங்கப்பூர் எண் ரோமிங்கில் இருக்கட்டும். சிம்மைக் கழற்றிவிட்டால், வங்கி குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பினால் அது வராது. டிக்கெட்டும் கைப்பேசிச் செயலியில்தான் வரும்.