ஸ்பானிஷ் தாவரச் சொற்களுக்கு ஆங்கிலம்: இருமொழி அகராதியா, இயந்திரமா, தாவரவியல் அகராதியா?

செடி, வெயில், நிழல் பற்றிய ஸ்பானிஷ் குறிப்புகளை ஆங்கிலமாக்க மூன்று வழிகள் உண்டு. பொதுவான இருமொழி அகராதி, இயந்திர மொழிபெயர்ப்பு, அப்புறம் ஸ்பானிஷிலேயே விளக்கம் தரும் தாவரவியல் அகராதி. கடைசி வழியில் விளக்கத்தைப் படித்துப் பொருளைத் தெரிந்துகொண்டு, ஈடான சொல்லை ஆங்கிலத் தாவர நூல்களில் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்றையும் புழங்கிப் பார்த்தேன். இப்போது என் வேலை முழுக்க கடைசி வழியில்தான்.

இருமொழி அகராதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒளிச்சேர்க்கை போன்ற சொற்கள் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே உருவம், அகராதியே வேண்டாம். சிக்கலான சொல்லுக்கோ நாலு பொருளை அடுக்கிவிட்டு நம்மை நடுத்தெருவில் விட்டுவிடும்.

இயந்திரம் வேகமானது, பெரும்பாலும் சரியாகவும் தருகிறது. ஆனால் அது தவறும்போதும் ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகும், கண்ணில் படாது. என் தேர்வைத் தீர்மானித்தது இந்தச் சரிபார்க்கும் பாடுதான்.

'ஆஸ்' என்ற சொல்லையே பாருங்கள். இலையின் மேல்பக்கமும் அதுதான், ஒளிக்கற்றையும் அதுதான், இலைக்குள் நீரைக் கடத்தும் குழாய்க் கற்றையும் அதுதான். வினைச்சொல்லே இல்லாத துண்டு துண்டான வர்ணனையில் எது எது என்று பிரிக்க வேண்டும். பக்கத்தில் 'என்வேஸ்' இருந்தால் கவலை இல்லை. அது இலையின் அடிப்பக்கம். அப்படியானால் 'ஆஸ்' மேல்பக்கம்.

'சோலானா' இன்னும் வில்லங்கம். மலையில் வெயில் நன்றாக விழும் சரிவு அது. ஸ்பெயின் குறிப்பு என்றால் 'சவுத் ஃபேசிங்' என்று போட்டுவிடலாம். அதே ஆங்கிலத்தைச் சிலி நாட்டு மலைச்சரிவுக்கும் போட்டால் கதை தலைகீழ்: தென் அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவுக்குத்தான் வெயில் அதிகம். ஸ்பானிஷ் விளக்கத்தில் திசையே இல்லை, வெயில் மட்டும்தான். அதைப் படித்தவர் 'சன்னி ஸ்லோப்' என்று நிறுத்திக்கொள்வார்.

'மெதியா சோம்ப்ரா' பொதுவாக 'பார்ஷியல் ஷேட்', அரை நிழல். அர்ஜென்டினாவில் செடிக்கு மேலே கட்டும் நிழல்வலைக்கும் அதே பெயர். ஆங்கிலத் தோட்டக் குறிப்புகளில் 'ஃபுல் சன்' என்றால் நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில், 'பார்ஷியல் ஷேட்' என்றால் சுமார் 3 முதல் 6 மணி என்று ஒரு வழக்கம் உண்டு. மூலத்தில் மணிக்கணக்கு இல்லாதபோது நாமாக அதைச் செருகக் கூடாது.

இந்த வழி மெதுவானது, மறுக்கவில்லை. நான் நாடும் அகராதி, ஸ்பெயின் தாவரவியலாளர் ஃபொன்ட் கேரின் தாவரவியல் அகராதி, 1953-இல் வந்தது. ஒளியை ஃபோட்டான் (ஒளித்துகள்) கணக்கில் அளக்கும் இன்றைய ஆய்வுகளுக்கு அதை நம்ப முடியாது, ஆங்கிலக் கட்டுரைகளைத்தான் புரட்ட வேண்டும். பாசி, லைக்கன் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இந்த வழி எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீளமான முன்னுரை, பயண வர்ணனை மாதிரியான பகுதிகளுக்கு மட்டும் இயந்திரத்தின் முதல் வரைவை இன்றும் எடுத்துக்கொள்கிறேன்.