டிரைவ் பெல்ட் புல்லி உடைந்தது, செட்டாக மாற்றினேன்: மூன்று வருட அனுபவம்

டிரைவ் பெல்ட் புல்லியை, அதாவது எஞ்சினுக்கு வெளியே ஓடும் பெல்ட் சுற்றிவரும் சக்கரத்தை, மாற்றி மூன்று வருடம் தாண்டிவிட்டது. தினமும் பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்வரும் கார் இது. புதிதாக மாட்டிய வாரத்தில் எந்தப் புல்லியும் சத்தமில்லாமல்தான் சுற்றும். அதனால் 60,000 கிலோமீட்டர் கடக்கட்டும் என்று காத்திருந்துதான் எழுதுகிறேன்.

எஞ்சின் 1.5 லிட்டர். ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஏர்கோன் கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது) மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. உங்கள் காரில் அந்தப் பெல்ட் எதையெல்லாம் சுற்றுகிறது என்று ஃபோர்மனிடம் (மெக்கானிக்) ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப், எஞ்சினுக்குள் மூடியிருக்கும் டைமிங் பெல்ட் என்ற வேறொரு பெல்ட்டில் ஓடும். அந்த மாதிரி காரில் வெளிப் பெல்ட் போனாலும் எஞ்சின் சூடாகாது. ஏர்கோன், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரி இருக்கிறவரை பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சேரலாம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குக்கூட ஆசைப்படக் கூடாது.

எனக்கு அது நடந்தது இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில், பாலத்துக்குப் போகும் வழியில். போனட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது, ஏர்கோன் காற்று வெதுவெதுப்பானது, கொஞ்ச நேரத்தில் சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, பிறையில் வழக்கமாக வண்டியை விடும் ஃபோர்மன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அணைச்சது அணைச்சபடி இருக்கட்டும் தங்கச்சி. பாலம் ஏறிடாத. ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா புல்லிக்கு ஆகிற காசு மாதிரி பத்து மடங்கு ஆகும்."

ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, எஞ்சின் கொதித்தால் அது போய்விடும். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. காலை நெரிசலில் நடுப்பாலத்தில் எஞ்சின் கொதித்து நின்றால் நமக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. இன்சூரன்ஸில் இழுவை லாரி சேவை இருந்தது, கூப்பிட்டேன், வந்தார்கள்.

பட்டறையில் கழற்றியபோது ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் சக்கரம்) மூன்று துண்டாக வந்தது. பிளாஸ்டிக் விளிம்பு ஓரிடத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. பேரிங்கின் உள்வளையம் மட்டும் போல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி மிளகாய்த்தூள் போலச் சிவந்த துருப்பொடி. கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை. அண்ணன் விளக்கினார்: பேரிங் சீல் தளர்ந்தால் மழைத்தண்ணீரும் தூசியும் உள்ளே போய் கிரீஸ் கெட்டுவிடும், குண்டுகள் காய்ந்து ஓடும், ஒருநாள் இறுகி நின்றுவிடும். நின்ற புல்லிமேல் பெல்ட் உரசிக்கொண்டே ஓடினால் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

அதற்குமேல் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பெல்ட் இல்லாத நேரம் பார்த்து மற்ற எல்லாப் புல்லியையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிக் காட்டினார். ஆல்டர்னேட்டர் வழவழவென்று ஓடியது. வாட்டர் பம்பில் ஆட்டமோ ஒழுகலோ இல்லை. பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் புல்லி மட்டும் சரசரவென்று கரகரத்தது. எஞ்சினோடு சுற்றி பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் நடு வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ரப்பர் இருக்கும். அது விட்டுப்போனால் வெளி வளையம் வழுக்கும். அதனால் இரண்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எல்லாம் மாட்டி ஓடவிட்ட பிறகு அந்தக் கோடு விலகவில்லை என்று உறுதிசெய்தார். இப்படிப் பார்க்காமல் உடைந்ததை மட்டும் மாற்றித் தரும் பட்டறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐட்லர், டென்ஷனர், பெல்ட் மூன்றும் ஒரிஜினலாகவே போட்டோம். கூலியோடு 400 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். பேரிங்கை மட்டும் மாற்றினால் ரொம்ப மலிவு, உண்மைதான். நிறைய ஐட்லரில் இருப்பது 6203 பேரிங். உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். என் தம்பி காரில் அப்படித்தான் செய்தார்கள். பழைய பிளாஸ்டிக்கில் புது பேரிங் இறுக்கமாக உட்காரவில்லை, ஒரு வருடத்துக்குள் மறுபடி அதே முனகல். இரும்புப் புல்லியாக இருந்தால் பேரிங் மட்டும் மாற்றுவதில் தப்பில்லை என்பது என் எண்ணம். பிளாஸ்டிக் என்றால் புல்லியோடு மாற்றுவதே நல்லது.

இந்த மூன்று வருடத்தில் எப்படி? பேட்டரி விளக்கு ஒருநாளும் எரியவில்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியே காட்டுகிறது. அது 13க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் உடனே போனட்டைத் திறந்து பார்க்க வேண்டும். குறை என்றால் ஒன்றுதான்: அடைமழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி 'கீச்' என்கிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. அண்ணன் பார்த்துவிட்டு, ஈரத்தில் பெல்ட் வழுக்குவது, டென்ஷன் சரியாகவே இருக்கிறது என்றார்.

சத்தத்தைப் பிரித்தறிய அவர் சொல்லித்தந்த வழி இன்றுவரை உதவுகிறது. ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் (நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும் பக்கம்) கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீச்சொலி கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு நிமிடம் அடங்கித் திரும்பி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீருக்கு எதுவுமே மாறாமல் 'உர்ர்ர்' என்று ஓடினால் பேரிங்காகத்தான் இருக்கும். பெண்கள் இதைச் செய்யும்போது கூந்தலை முடிந்து, துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். ஓடும் பெல்ட் எதையும் விடாது. பெல்ட் ஸ்ப்ரே அடித்துச் சத்தத்தை அமுக்குவது வேண்டவே வேண்டாம். நோய் உள்ளேயே இருக்கும், நமக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

வெடிப்பு இல்லையே என்று பெல்ட்டை நம்பிவிடவும் கூடாது. இப்போது வருகிற பெல்ட்டுகள் பழைய ரப்பர் மாதிரி சீக்கிரம் வெடிப்பதில்லை. டயர் தேய்வதுபோல வரிகள் தேய்ந்து பள்ளம் அகலமாகும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிது வாங்கப் போனால் பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். 6பிகே1210 என்றிருந்தால் 6 வரி, நீளம் 1210 மில்லிமீட்டர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "கிட்டத்தட்ட இதே சைஸ்தான்" என்று வேறு நீளம் நீட்டினால் வாங்காதீர்கள், டென்ஷனர் தன் எல்லைக்கே போய் நிற்கும்.