‘இன்னிக்கு மட்டும்தான் மேடம்’: மூன்று வருடம் கழித்து ஒரு கணக்கு

கார் வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஓடோமீட்டரில் 41,000. வண்டி எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கம்: நன்றாக ஓடுகிறது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறினால், குஞ்சப்பனை தாண்டியதும் மூச்சு வாங்கும். 1.2 லிட்டர் பெட்ரோலிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பாவம்.

எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. போன டிசம்பரில் இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஃபைலைப் புரட்டியபோது 2022 டிசம்பர் கொட்டேஷன் தாள் கையில் சிக்கியது. கோயம்புத்தூர் ஷோரூமில் கொடுத்தது. அதன் ஓரத்தில் என் தம்பி, சேல்ஸ்மேன் சொன்னதையெல்லாம் பென்சிலால் பொடிப்பொடியாகக் குறித்து வைத்திருந்தான். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இதில் எத்தனை நிஜம், எத்தனை புளுகு என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அன்றைக்கு முடியவில்லை.

முதல் குறிப்பு: ‘சாவி என்கிட்ட கொடுத்தான்.’ அரையாண்டு லீவில் போயிருந்தோம். கார் எனக்கு, லோன் என் பெயரில், லைசென்ஸ் வைத்திருப்பதும் நான்தான். தம்பிக்கு அப்போது சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். இருந்தாலும் டெஸ்ட் டிரைவ் சாவி நேரே அவன் கைக்குப் போனது. “சார் ஓட்டிப் பாருங்க, மேடம் பின்னாடி உக்காந்து கம்ஃபர்ட் பாக்கட்டும்.” தம்பி சாவியை என்னிடம் நீட்டியபோது அந்தப் பையன் முகத்தில் ஒரு கணம் கணக்கு மாறியதைப் பார்த்தேன். அதன் பிறகு மைலேஜ், இன்ஜின் பேச்சு நின்றுபோய், கலர், கண்ணாடி, சீட் கவர் என்று ஆரம்பித்தான்.

அவினாசி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். தட்டையான ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? மேடு வேண்டும் என்றேன். “காந்திபுரம் மேம்பாலத்துல ஏத்திக் காட்டிடறேன் மேடம், மலை மாதிரியேதான் இருக்கும்.” தம்பி இதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறான். ஊருக்குத் திரும்பி, எங்கள் பள்ளியில் இன்னொரு ஆசிரியையின் வீட்டுக்காரர் வைத்திருந்த அதே மாடலை வாங்கி, ஆள் நிரப்பி, அரவேணுவிலிருந்து கோத்தகிரி வரைக்கும் ஏற்றிப் பார்த்தேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன், இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டுப் பிரேக்கை எவ்வளவு தொட வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்தது ஷோரூமில் செலவழித்த நான்கு மணி நேரத்தில் தெரியவில்லை. மலையில் இருக்கிறவர்கள் கார் வாங்குவதானால் முதலில் ஊருக்குள் அதே வண்டி வைத்திருப்பவரைப் பிடியுங்கள்.

அந்த நான்கு மணி நேரம் எப்படிப் போனது? நான் கேட்டது நடு வேரியண்ட், எக்ஸ் ஷோரூம், அதாவது ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேர்க்காத விலை, 7,08,000. அது கிடைக்க ஐந்து மாதம் ஆகும், டாப் எண்ட் மட்டும் யார்டில் ரெடியாக நிற்கிறது என்றார்கள். அந்தச் சமயத்தில் சிப் தட்டுப்பாட்டால் எல்லா கம்பெனிகளிலும் காத்திருப்பு இருந்தது உண்மைதான். அதனால் நம்பினேன். கூடவே மூன்று பயமுறுத்தல்: ஜனவரியில் விலை ஏறும், ஏப்ரலில் புது மாசு விதி வந்தால் இன்னும் ஏறும், “கார் விலை இனிமே ஏறத்தான் செய்யும், இறங்காது. இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் மேடம்.”

இதற்கு மூன்று வருடக் கணக்கு சொல்கிறேன். 2023 ஏப்ரலில் பிஎஸ்6 இரண்டாம் கட்ட மாசு விதி வந்தது, அது நிஜம். அவன் சொல்லாத ஒன்றும் நடந்தது: 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரியை, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியை, ஏற்றினார்கள். ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு நான் கட்டியது 10 சதவீதம், இப்போது 13. அந்த வகையில் 2022-இல் வாங்கியது லாபம். ஆனால் ‘இறங்காது’ என்றானே, 2025 செப்டம்பர் 22-இல் சின்ன காருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. ஒரே அடியில் விலை குறைந்தது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தை அவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்பதுதான் என் கோபம்.

‘இன்னிக்கு மட்டும்’ ஆஃபரை விட்டுவிட்டு எழுந்து வந்தேன். நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, இரண்டாவது காபி வரவழைத்து, “நம்ம பையனுக்கு இந்த மாசம் டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறையுது, நீங்க மனசு வெச்சா ஆகும்” என்று சொன்னபோது கை பேனாவைத் தேடிவிட்டது. காப்பாற்றியது பஸ். “கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, விட்டா ராத்திரி மலை ஏற முடியாது” என்று எழுந்தேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் என்ன யோசனை என்று கேட்பார்கள், ‘வீட்ல கேக்கணும்’ என்றால் இப்போதே போன் போடுங்கள் என்பார்கள். பஸ்ஸை என்ன செய்ய முடியும்? மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை போன் வந்தது. நான்காவது போனில் ஐந்து மாதக் காத்திருப்பு மூன்று வாரமாகிவிட்டது. மறுநாள் காலையில், வேறு ஒருவர் புக்கிங்கைக் கேன்சல் செய்ததால் நான் கேட்ட கலரிலேயே ஒன்று இருக்கிறதாம்.

அன்று ராத்திரி அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். மொத்தம் 8,80,700. வண்டிக்கும் ஆயுள் வரிக்கும் சேர்த்தால் 7,78,800. மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் எங்கே போகிறது? இன்சூரன்ஸ் 41,200, ஆக்சஸரீஸ் கிட் 22,900, எக்ஸ்டெண்டட் வாரண்டி 13,500, கோட்டிங் வகைகள் 9,800, ஆர்டிஓ மற்றும் ஹேண்ட்லிங் 14,500. கடைசி வரியைப் பிரித்துக் கேட்டதில் 8,500 ஹேண்ட்லிங் என்று வந்தது. யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை ஓட்டி வரும் செலவாம். அரசுக்குப் போகும் பணம் இல்லை, ஷோரூம் தானே வைத்துக்கொண்ட பெயர். பதிவுக் கட்டணம் என்று அரசு வாங்குவது 600 ரூபாய்தான். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் விலைக்குள்ளேயே அடக்கம்.

மறுநாளிலிருந்து நான் செய்தது ஒன்றே ஒன்று. எதைச் சொன்னாலும், “சரிங்க, அதை அப்படியே வாட்ஸப்ல எழுதி அனுப்பிடுங்க” என்றேன். ‘ஹேண்ட்லிங் சார்ஜ் கட்டாயம்’ என்று எழுதி வரவே இல்லை, இரண்டு நாளில் அந்த 8,500 தாளிலிருந்து மறைந்தது. ‘கிட் எடுத்தால்தான் டெலிவரி’ என்பதும் எழுத்தில் வரவில்லை. ஃப்ளோர் மேட்டும் மட்ஃப்ளாப்பும் மட்டும் 4,200-க்கு எடுத்தேன். அரசு ஊழியர் தள்ளுபடி 5,000 இருப்பது நான் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

இன்சூரன்ஸ்தான் பெரிய சண்டை. “வெளிய எடுத்தீங்கன்னா எங்க சர்வீஸ் சென்டர்ல கேஷ்லெஸ் கிடைக்காது மேடம். எங்ககிட்ட எடுத்தா மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல.” இரண்டுமே தப்பு. மூன்று வருடம் என்பது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். நம் வண்டிக்கான பகுதி ஒரு வருடத்துக்குத்தான், 2020 ஆகஸ்டிலிருந்து அப்படித்தான் விற்கிறார்கள். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை கம்பெனியே நேராகக் கட்டுவது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த ஒர்க்ஷாப்புக்கும் இடையிலான ஒப்பந்தம், பாலிசி யார் வழியாக வந்தது என்பது அதில் வராது. அதே ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) போட்டு வெளியே 29,400-க்கு எடுத்தேன். ஐடிவியைக் குறைத்து விலை குறைவாகக் காட்டுபவர்களும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பரீட்சை 2024-இல் வந்தது. மழைக்காலம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், கட்டபெட்டு தாண்டி மூடுபனி. ஃபாக் லாம்ப் வெளிச்சத்தில் முதலில் நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும் தெரிந்தன, முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்ட மாதிரி. காட்டுமாடு. நான் நின்றுவிட்டேன், அதுதான் நிற்கவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டியது, அவ்வளவுதான். இடது ஹெட்லைட், பம்பர், பானட் ஓரம் எல்லாம் போனது. பானட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்திருந்தது. அது தேயிலைக்குள் இறங்கிப் போகும் வரைக்கும் ஹாரன் அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி போனது அதே கோயம்புத்தூர் ஷோரூமின் ஒர்க்ஷாப்புக்குத்தான். வெளியே எடுத்த பாலிசியில் கேஷ்லெஸ் ஆனது. என் கையிலிருந்து போனது, க்ளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் சில்லறைச் சாமான்களும்தான்.

அங்கே வண்டியை லிஃப்டில் தூக்கியபோதுதான் என் தோல்வியும் தெரிந்தது. எல்லாவற்றையும் மறுத்துவிட்டோமே என்ற கூச்சத்தில் ஒன்றுக்கு மட்டும் தலையாட்டியிருந்தேன்: அடிப்பாகக் கோட்டிங், 4,500. ‘மலையில ஈரம் மேடம், துரு ஏறிடும்’ என்றான், ஈரம் இருப்பது உண்மைதானே என்று விழுந்துவிட்டேன். மெக்கானிக் விரலால் சுரண்டிக் காட்டினார். பாதி இடத்தில் உரிந்திருந்தது, மீதி இடத்தில் அடிக்கவே இல்லை. துரு? எங்கேயும் இல்லை. உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்துக் கதையை எங்கள் மழையில் கொண்டு வந்து ஒட்டியிருக்கிறான். எங்கள் ஈரம் வேறு மாதிரி வேலை செய்யும். ஜன்னல் ரப்பர் ஓரத்தில் பச்சையாகப் பாசி பிடிக்கும். அதற்கு எந்த ஷோரூமிலும் கோட்டிங் இல்லை, பழைய பல் பிரஷ்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றும்: எக்ஸ்டெண்டட் வாரண்டி. ‘டெலிவரி அன்னிக்கே எடுத்தாத்தான் உண்டு’ என்றதால் அதுவும் புளுகு என்று ஒதுக்கினேன். பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தைப் பொறுமையாகப் படித்ததில், இரண்டு வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இருந்தது. இருபதாவது மாதம் 15,200 கொடுத்து எடுத்தேன், 1,700 கூடுதல். முப்பத்தோராவது மாதம் ஜான்சன் ஸ்கொயர் திருப்பத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. மோட்டாரோடு மாற்றினார்கள். பில்லில் 34,000 போட்டு, கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். பொருள் நல்ல பொருள். அதற்கும் ‘இன்னிக்கே’ என்று ஒட்டியதால்தான் சந்தேகப்பட்டேன்.

நம்பர் கதையையும் சொல்ல வேண்டும். கோவை விலாசம் ஏதாவது கொடுத்தால் பதிவு சீக்கிரம் முடியும், ஊட்டி என்றால் இழுக்கும் என்றார்கள். என் வீடு கோத்தகிரியில், எனக்கு எதற்குக் கோவை நம்பர்? பிடிவாதமாக நீலகிரியின் டி.என். 43 வாங்கினேன், பத்து நாள் கூடுதலாக ஆனது. 2024 மே 7-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தபோது டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு. சீசனில் சாவடியில் மற்ற வண்டிகள் போனைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பத்து நாள் ஞாபகம் வரும்.

லோன் விஷயம் சாதாரணம்தான். ஊர் வங்கியில் முன்கூட்டியே பேசிவிட்டுப் போனதால் ஷோரூம் லோன்காரர் ஐந்து நிமிடத்தில் எழுந்து போனார்.

முடிவில் கொடுத்தது 8,17,900. முதல் தாளுக்கும் இதற்கும் 62,800 வித்தியாசம். டெலிவரி அன்று அந்தப் பையன் சாவியை என்னிடமே கொடுத்தான். ‘மேடம்’ போய் ‘அக்கா’ ஆகியிருந்தது. “அக்கா, உங்ககிட்ட வித்ததுல எனக்கு ஒண்ணும் நிக்கலக்கா” என்றான். அது மட்டும் நிஜமாகத்தான் இருந்திருக்கும். பரிசுக்கூடையில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை, நீலகிரியில் தடை என்று, குஞ்சப்பனை சாவடியில் எடுத்துவிட்டார்கள். இனிப்பு டப்பா மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

தம்பி போன வருடம் லைசென்ஸ் எடுத்தான். ஜிஎஸ்டி குறைந்த சூட்டில் அவனும் கார் பார்க்கக் கிளம்பினான். ஷோரூம் உள்ளேயிருந்து போன் செய்தான், குரலை உயர்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி: “அக்கா, கோத்தகிரிக்கு அஞ்சரை பஸ்தானே? விட்டா அடுத்தது இல்லையே?”

அவன் இருப்பது திருப்பூரில். ஷோரூமிலிருந்து வீட்டுக்கு நடந்தே போகலாம்.