லூட் வாங்குவதற்கு முன் தராசில் வைத்துப் பாருங்கள்

போன வருஷம் செப்டம்பரில் 490 பவுண்டு கொடுத்து, லூட் என்கிற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம் ஒன்றை வாங்கினேன். எட்டு கோர்ஸ் (சேர்த்து மீட்டும் தந்தி ஜோடிக்கோ ஒற்றைத் தந்திக்கோ கோர்ஸ் என்று பெயர்), கையால் செய்தது, பழைய ஆங்கில லூட் மேதை ஜான் டௌலண்ட் காலத்து அளவு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இங்கே இங்கிலாந்தில் வீணை வாசிக்கிற நம்மவர்களில் சிலருக்கு லூட் மேல் ஆசை வந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து எடுத்தபோதே நன்றாகக் கனத்தது. பத்து வயதிலிருந்து வீணையைத் தூக்கிப் பழகிய கை என்பதால் எனக்கு உறைக்கவில்லை. லூட்டின் குடம் வீணையைப் போலப் பலாக்கட்டையைக் குடைந்து செய்வதல்ல. மேப்பிள், யூ போன்ற மரங்களை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, சூடு காட்டி வளைத்து, பூசணிப் பத்தைகளைச் சேர்த்து வைத்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். மேல்பலகை ஸ்புரூஸ் மரம், அதுவும் ஏறக்குறைய அவ்வளவு மெலிசுதான். நடுவில் இருக்கும் ரோஜா வேலைப்பாட்டை அந்தப் பலகையிலேயே செதுக்குவார்கள். அதனால் நல்ல எட்டு கோர்ஸ் லூட் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். என்னுடையதைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 850 கிராம். ரோஜாவின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பினேன், வில்லை போல எழும்பியது. தனியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது பிருடை, அதாவது தந்தியை முறுக்கி ஸ்ருதி சேர்க்கும் முளை. எட்டு கோர்ஸ் என்றால் மேல் தந்தி (ஸ்ருதி மிக உயர்ந்தது) ஒற்றை, மற்ற ஏழும் ஜோடி. மொத்தம் 15 தந்தி, 15 பிருடை. பிருடையின் சரிவும் துளையின் சரிவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பிடித்து நிற்கும். இதில் ஒன்றுமே பொருந்தவில்லை. கடைசித் தந்தியைச் சேர்ப்பதற்குள் முதலில் சேர்த்த நாலு இறங்கியிருக்கும். சாக்பீஸ் தடவினேன், சோப்பு தடவினேன். சில நாள் ஸ்ருதி சேர்த்தே ஒரு மணி நேரம் போய்விடும், வாசிக்காமலே எடுத்து வைத்துவிடுவேன். விற்றவருக்கு எழுதினால், "புது மரம், செட் ஆக மூன்று மாதம் பிடிக்கும், பொறுமையாக வாசியுங்கள்" என்று மிகவும் அன்பாகப் பதில் வந்தது. நம்பினேன். அந்த மூன்று மாதக் கணக்கு எதற்கென்று பிறகுதான் புரிந்தது.

மெட்டுகளைப் பற்றியும், அதாவது ஸ்வர இடங்களுக்காகக் கழுத்தின் குறுக்கே இருப்பவற்றைப் பற்றியும், விற்றவரிடம் கேட்டேன். லூட்டில் கழுத்தைச் சுற்றிக் குடல் நரம்பால் முடிச்சுப் போட்டு மெட்டு கட்டுவார்கள். தேவைப்பட்டால் இம்மி நகர்த்திக்கொள்ளலாம். வீணைக்கு மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்கு வந்ததில் கிட்டாரைப் போலப் பித்தளைக் கம்பி அடித்திருந்தது. "இது நவீன முன்னேற்றம், மறுபடி மறுபடி கட்ட வேண்டாம்" என்றார்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, சுவரோரம் வைத்திருந்த வாத்தியத்திலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்கிற கட்டை, மேல்பலகையின் ஒரு சிராயையும் பிய்த்துக்கொண்டு தந்திகளோடு தொங்கியது. லூட் செய்கிற ஒரு அம்மாவிடம் எடுத்துப் போனேன். தந்தியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது கிட்டார் தந்தி" என்றார். கிட்டார் நைலான் தந்தி ஒவ்வொன்றும் ஏழு கிலோ அளவுக்கு இழுக்கும். லூட் தந்திக்கு மூன்று, நான்கு கிலோ போதும். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார். மேல்பலகையின் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்கள் என் கட்டைவிரல் பருமன். பலகை அதிரவே வழியில்லை. சரிசெய்ய ஆகிற செலவில் இன்னும் இரண்டு இதே மாதிரி வாங்கலாம் என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நான் கடைக்காரன் இல்லை, என் சொந்த வாத்தியத்தைத்தான் விற்றேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தயவுசெய்து இதைக் கவனியுங்கள். வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் கொடுத்து முழுப் பணமும் வாங்கலாம். மூன்று மாதம் பொறுக்கச் சொன்னது இந்தக் கெடுவைத் தாண்டத்தான். அதற்குப் பிறகு, ஆறு மாதம் வரை, பழுதைச் சரிசெய்து தரும் பொறுப்பு விற்றவருடையது. தனி ஆளிடம் வாங்கினால் இதெல்லாம் பொருந்தாது. 100 பவுண்டுக்கு மேற்பட்டதைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு கம்பெனியையாவது கேட்டுப் பார்க்கலாம். நான் 20 பவுண்டு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. "அபூர்வமான பழைய லூட் இசை" என்று 45 பவுண்டுக்கு ஒரு பென்டிரைவும் விற்றவர் என் தலையில் கட்டினார். அதில் பழைய இத்தாலிய லூட் கலைஞர் பிரான்செஸ்கோ டா மிலானோவின் ஃபாண்டசியா என்கிற ஒரு உருப்படியை இரண்டு வாரம் உருப்போட்டேன். எவ்வளவு வாசித்தாலும் இசையாகவே வரவில்லை. என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லூட் செய்கிற அம்மாதான் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைப்பது என்று கோடுகளில் குறிப்பதுதான் டாப்லேச்சர். பிரெஞ்சு டாப்லேச்சரில் எழுத்துகள் இருக்கும், மேல்கோடுதான் மேல்தந்தி. இத்தாலிய முறையில் எண்கள், அதில் பொதுவாகக் கீழ்க்கோடுதான் மேல்தந்தி. இது தெரியாத யாரோ கிட்டார் டாப் மாதிரி படித்துப் புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1507இல் வெனிஸில் பெட்ருச்சி அச்சிட்ட ஸ்பினாசினோவின் முதல் லூட் புத்தகத்திலேயே, எந்தக் கோடு எந்தத் தந்தி என்று முன்பக்கத்தில் விதி போட்டிருக்கிறது.

பழைய லூட் இசைக்குக் காசே தர வேண்டாம். மேத்யூ ஹோம்ஸ் பிரதியெடுத்த டௌலண்ட் காலத்துக் கையெழுத்துச் சுவடிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வாத்தியத்துக்கும் வழி உண்டு. 1956இல் தொடங்கிய லூட் சொசைட்டி உறுப்பினர்களுக்கு வாடகைக்குத் தருகிறது. இப்போது என்னிடம் இருப்பது அப்படி வந்ததுதான். 790 கிராம். முதல் நாள் ஒரு தந்தியை மீட்டியபோது குடம் என் வயிற்றோடு சேர்ந்து அதிர்ந்தது.

அந்த விளம்பரம் இந்த வாரம் மறுபடி வந்திருக்கிறது, விலை 520 பவுண்டு. படத்தில் கழுத்தைச் சுற்றிக் குடல் மெட்டு கட்டியிருக்கும், பிரிட்ஜுக்குக் கீழே இடப்பக்கம் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.