சேலத்தில் ஒரு ஸ்கைடைவிங் ரிக்: வாங்கியதும் பராமரித்ததும்

சேலத்தில் குடியிருந்துகொண்டு ஸ்கைடைவிங் பழகுகிறவரின் ரிக், அதாவது முதுகில் மாட்டும் பாராசூட்டுத் தொகுதி, வருடத்தின் பெரும்பகுதியைப் பீரோவுக்குள்தான் கழிக்கிறது. வாரம் தவறாமல் குதிப்பவர்கள் எழுதும் உபகரண மதிப்புரைகளில் இந்த நிலைமைக்கு இடமே இருப்பதில்லை. பாராசூட்டின் விரியும் துணியான கேனப்பி எவ்வளவு மென்மையாக விரிகிறது, ஹெல்மெட்டுக்குள் காற்று எவ்வளவு இரைகிறது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார்கள். ஏப்ரல் மாத அஸ்தம்பட்டி வெயிலில் நான்கு மாதம் பூட்டிக் கிடந்த ரிக் எப்படி இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. சில ஆண்டுகளாக இந்த விளையாட்டைப் பழகி, பழைய ரிக் ஒன்றை வாங்கிப் பயன்படுத்திவரும் எனக்கு, அதைப் பற்றித்தான் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது.

கமலாபுரம் விமான நிலையத்தில் முன்பு பாராசூட் பயிற்சி முகாம்கள் நடந்ததுண்டு. 2014இல் அங்கே ஒரு பயிற்சிக் குதிப்பில் பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தது சேலத்துக்காரர்கள் பலருக்கு இன்றும் நினைவில் இருக்கிறது; ஸ்கைடைவிங் என்ற பேச்சை வீட்டில் எடுத்ததும் முதலில் வந்து விழுவது அந்தச் செய்திதான். நான் பயின்றது தாய்லாந்தில், அமெரிக்கப் பாராசூட் சங்கமான யூ.எஸ்.பி.ஏ.வின் பாடத்திட்டத்தில். ஏ.எஃப்.எஃப். எனப்படும் அந்த முறையில் தொடக்கக் குதிப்புகளில் பயிற்றுநர்கள் இருபுறமும் ஹார்னெஸை (உடலில் மாட்டிய பட்டைக் கட்டு) பிடித்தபடியே கூட விழுவார்கள். உடலை வில்லாக வளைத்து நிலைப்படுத்துவது, உயரமானியைப் பார்ப்பது, உரிய உயரத்தில், பாராசூட்டை வெளியே இழுத்தெடுக்கும் சிறு குடையான பைலட் சூட்டைப் பிடுங்கி வீசுவது ஆகியவை கைவந்தபின் ஒவ்வொருவராக விலகிக்கொள்வார்கள். குறைந்தது 25 குதிப்புகளும் அவற்றோடு சேர்ந்த தேர்வுகளும் முடிந்தால் 'ஏ' உரிமம் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் பகுதியைப் பற்றி நல்ல விளக்கங்கள் ஏராளமாக இருப்பதால் நான் அதில் நீளப்போவதில்லை. பயிற்சிக்கு முன் ஹைதராபாத்திலுள்ள செங்குத்துக் காற்றுச் சுரங்கத்தில் சிறிது நேரம் மிதந்து பழகிக்கொண்டு போகிறவருக்கு முதல் சில குதிப்புகளின் பதற்றம் வெகுவாகக் குறையும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உபகரணம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதி வேறொன்று. 'ஏ' உரிமம் உள்ளவர் 60 நாட்களுக்கு மேல் குதிக்காமல் இருந்துவிட்டால், யூ.எஸ்.பி.ஏ. பரிந்துரைப்படி, பயிற்றுநரின் மேற்பார்வையில் ஒரு குதிப்பையாவது முடித்துத் தன் திறனைக் காட்டிய பிறகே மீண்டும் தனியாகக் குதிக்க வேண்டும். அடுத்த நிலையான 'பி' உரிமத்துக்கு அந்தக் கால அளவு 90 நாட்கள். சேலத்திலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போய் அங்கிருந்து விமானம் பிடிக்கிற நமக்கு 60 நாட்கள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஆகையால் ஒவ்வொரு பயணத்தின் முதல் நாளும் பெரும்பாலும் மறுபயிற்சியிலேயே போகிறது; சில இடங்களில் அந்த நாளுக்கு அவர்களுடைய வாடகை ரிக்கையே மாட்டச் சொல்லவும் செய்கிறார்கள். வருடத்தில் ஒரே ஒரு முறை போகிறவர் முழு ரிக் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். புதிதாக முழு ரிக் எடுத்தால் ஏழெட்டாயிரம் அமெரிக்க டாலருக்குக் குறையாது. பழையதென்றாலும் அதில் பாதியாவது வேண்டும். அந்தத் தொகையின் வட்டியிலேயே அவர் வாடகையைக் கட்டிவிடலாம்.

உயரமானியும் ஹெல்மெட்டும் அப்படியல்ல. அவற்றை உரிமம் கிடைத்தவுடனேயே சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் நெருக்கடியில் கண் எந்த முகப்பைத் தேடுகிறதோ அந்த முகப்பு எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் முள் காட்டும் சாதாரண உயரமானியைத்தான் தேர்ந்தெடுத்தேன். மின்கலம் தேவையில்லை என்பதால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் எடுத்த எடுப்பில் வேலை செய்கிறது. சேலத்தில் முள்ளைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஊருக்குள் நுழையும்போது அது ஏறத்தாழ நாலாயிரம் அடியைக் காட்டுகிறது. என்னைப் போன்ற புதியவர்கள் பாராசூட்டைத் திறக்கும் உயரத்துக்கும், திறந்தது சரியில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு, மாற்றுப் பாராசூட்டான ரிசர்வை இழுக்க வேண்டிய 2,500 அடி எல்லைக்கும் நடுவே அது இருக்கிறது. பேருந்து முக்கால் மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்றத்தை, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும் உடல் ஏறக்குறைய 23 விநாடிகளில் கடந்துவிடும். உயரங்களை மனத்தில் பதியவைக்க இந்த மலைப்பாதையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. எட்டாவது வளைவில் ஒரு முறையும் பதினைந்தாவது வளைவில் ஒரு முறையும் முள்ளைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ரிக்கைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் முதலில் தீர்மானிக்க வேண்டியது கேனப்பியின் அளவு. உடல் எடையோடு உடை, ஹெல்மெட், ரிக் எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் கணக்கிட்டு, கேனப்பியின் சதுர அடிப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது விங் லோடிங். புதியவருக்கு அது ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. என் எடை 72 கிலோ. எல்லாம் மாட்டிக்கொண்டால் 84 கிலோ, அதாவது சுமார் 185 பவுண்டு. அதற்கு 188 சதுர அடியுள்ள, ஏரோடைன் நிறுவனத்தின் 'பைலட்' என்ற கேனப்பி 0.98 என்ற கணக்கில் பொருந்தியது. சிறிய கேனப்பி வாங்கி வைத்துக்கொண்டு போகப்போகப் பழகிக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இடைவெளி விட்டு விட்டுக் குதிப்பவருக்கு அந்த ஆலோசனை ஆபத்தானது. ஒவ்வொரு முறையும் கை மறந்த நிலையில்தான் நாம் தரையிறங்குகிறோம், பெரிய கேனப்பி அந்த மறதியைப் பொறுத்துக்கொள்கிறது. இத்தனை காலத்தில் அது எனக்கு ஒருபோதும் மந்தமாகத் தோன்றவில்லை. காற்று ஓங்கிய நாட்களில் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நிற்பது ஒன்றுதான் குறை, அத்தகைய நாட்களில் புதியவர் தரையில் இருப்பதே முறை.

ஹார்னெஸ் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதைப் பலரும் இரண்டாம்பட்சமாக வைக்கிறார்கள். கேனப்பியை மாற்றுவது எளிது. வேறொருவர் அளவுக்குத் தைத்த ஹார்னெஸைச் சரிசெய்வது செலவு மிகுந்த வேலை. கால் பட்டைகளை இறுக்கிக்கொண்டு தொங்கிப் பார்க்கும்போது மார்புப் பட்டை கழுத்தை நோக்கி ஏறினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ரிக்கை விட்டுவிட வேண்டும். பழையது வாங்குகிறவர் பணம் கொடுப்பதற்கு முன் ரிக்கை, பாராசூட்டைச் சரிபார்க்க உரிமம் பெற்ற ரிகர் ஒருவரிடம் அனுப்பி, கன்டெய்னர் (பாராசூட்டுகளை அடக்கிய முதுகுப் பை), ரிசர்வ், ஏ.ஏ.டி. என்ற தானியங்கிக் கருவி ஆகிய மூன்றின் உற்பத்தித் தேதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நடைமுறை. அதற்கு மறுக்கிற விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஏ.ஏ.டி. என்பது குதிப்பவர் செயலற்றுப் போனாலும் ரிசர்வைத் திறந்துவிடும் கருவி. ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த சைப்ரஸ் அவற்றுள் மிகவும் பரவலானது, என்னுடையதும் அதுவே. சுமார் 750 அடி உயரத்தில் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருப்பதை அது கண்டறிந்தால், ரிசர்வை மூடியிருக்கும் நூல் வளையத்தை ஒரு சிறு வெட்டியால் அறுத்துவிடுகிறது. தரையின் காற்றழுத்தத்தைச் சுழியமாகக் கொண்டே அது கணக்கிடுவதால், விமானம் புறப்படும் திடலில் நின்றுதான் அதை இயக்க வேண்டும். விடுதியிலோ வரும் வழியிலோ போட்டுவைப்பது கூடாது. 14 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். 2016 முதல் தயாரானவற்றின் ஆயுள் பதினைந்தரை ஆண்டுகள் என்பதால், பழைய ரிக்கின் விலையில் பெரும் வித்தியாசத்தை உண்டாக்குவது அதில் மீதமிருக்கும் ஆண்டுகள்தான். வேறு எங்கே சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி பீரோ வாழ்க்கை. நைலானுக்குப் பகை வெயில், ஈரம், எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக அமிலம். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி பெரும்பாலும் படிக்கட்டின் அடியிலோ ஸ்டோர் ரூமின் மூலையிலோ இருக்கும். பெரிய பைகளையும் பெட்டிகளையும் வைக்க வீட்டார் காட்டுவதும் அதே மூலையைத்தான். பேட்டரியின் கந்தக அமிலம் ஒரு துளி தெறித்தாலும், அதன் கசிவு பட்ட தரையில் பை உரசினாலும், கண்ணுக்குத் தெரியாமலேயே நாடாவின் வலு போய்விடும். என் ரிக் இன்வெர்ட்டர் இல்லாத அறையில், வெளிச்சம் படாத அலமாரியில், தரையைத் தொடாமல் இருக்கிறது. கார் டிக்கியில் ஒரு பகல்கூட விடுவதில்லை. ஏற்காட்டில் எங்கள் உறவினருக்கு வீடு இருக்கிறது. குளிர்ச்சியான இடமாயிற்றே, அங்கேயே வைத்துவிடலாமே என்று சித்தப்பா சொன்னார். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்து துணிமணிகளில் பூஞ்சை பிடிக்கும் ஊரில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சேலத்தின் வறண்ட சூடு அதைவிட மேல், அதற்கும் ஒரு விலை உண்டு: கேனப்பியை ஹார்னெஸோடு இணைக்கும் இழைகளை மடித்துச் செருகும் ரப்பர் வளையங்கள் கோடையில் காய்ந்து, இழுத்தால் மாவாக உதிர்கின்றன. பயணத்துக்கு முன் அவை அனைத்தையும் மாற்றிவிடுகிறேன்.

குதிக்காத மாதங்களிலும் செய்யவேண்டிய வேலை ஒன்று மூன்று வளைய விடுவிப்புக்குரியது. பில் பூத் 1970களில் வடிவமைத்த இந்த அமைப்பில், தோளருகே ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிய மூன்று உலோக வளையங்கள் பிரதானக் கேனப்பியின் முழு இழுவிசையையும் படிப்படியாகக் குறைத்து ஒரு சிறு நூல் வளையத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வலதுபுறக் கைப்பிடியை இழுத்தால் மஞ்சள் கேபிள் உருவிக்கொண்டு வந்து பிரதானக் கேனப்பி கழன்றுவிடும். நீண்ட நாள் ஒரே வளைவில் இருக்கும் நாடா அந்த வடிவத்திலேயே விறைத்துப்போவதால், மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி, நாடாவைக் கையால் முறுக்கி நெகிழ்த்தி, கேபிளைத் துணியால் துடைத்து, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் சிலிக்கோனை மெல்லிசாகப் பூசி மறுபடி மாட்டுகிறேன். துடைத்த வெள்ளைத் துணியில் ஒவ்வொரு முறையும் ஒரு சாம்பல் நிறக் கோடு விழுகிறது. பீரோவுக்குள் எப்படித்தான் அவ்வளவு தூசி போகிறதோ.

மடித்துப் பழகுவதையும் வீட்டிலேயே செய்கிறேன். மொட்டை மாடியில் வெயில் என்பதால் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, டைல்ஸ் தரையில் பவானி ஜமக்காளத்தை விரித்துக்கொண்டால் துணி வழுக்காமல் நிற்கிறது. காற்றுப் புகாத வகைத் துணி என்பதால் உள்ளே சிக்கிய காற்று முன்புற வாய் வழியாக மட்டுமே வெளியேறும். சுருட்டிய கேனப்பியின் மேல் முழங்காலை ஊன்றிப் பொறுமையாக அழுத்தாவிட்டால், ஒரு பக்கம் பைக்குள் போகப்போக மறுபக்கம் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். பாராசூட் விரிவதை மெதுவாக்க இழைகளில் இறங்கிவரும் ஸ்லைடர் என்ற துணி உரசும் சூட்டில் மைக்ரோலைன் இழைகள் காலப்போக்கில் சுருங்கும். என் கேனப்பியின் பிரேக் இழைகள் அப்படிக் குறுகி, கைப்பிடிகளை முழுவதும் மேலே விட்ட நிலையிலும் வால்பகுதி லேசாக இழுபட்டே இருந்தது. ரிகர் அளந்து பார்த்து அவற்றை மட்டும் மாற்றிக்கொடுத்தபின் தரையிறக்கம் தெளிவாகவே திருந்தியது.

ரிகர் தொடவேண்டியதை வேறு யாரும் தொடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் பயணப்பை தைக்கும் அண்ணனிடம் ரிக்குக்கு ஓர் உறை தைக்கச் சொல்லி அளவுக்காக எடுத்துப்போனேன். கால் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துல நூல் லேசா விட்டிருக்குதுங்க, ஒரு ஓட்டு ஓட்டித் தந்துரட்டுங்களா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார், உறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், உறை அருமையாக உழைக்கிறது. அந்த நூலை அடுத்த பயணத்தில் ரிகரிடம் காட்டினேன். ரிசர்வை அமெரிக்க விதிப்படி 180 நாட்களுக்கு ஒரு முறை ரிகர் பிரித்து மடிக்க வேண்டும் என்பதால், போய்ச் சேரும் நாளை முன்பே சொல்லி அவருடைய நேரத்தை ஒதுக்கிவைப்பது என் பயணத் திட்டத்தின் முதல் வேலையாகிவிட்டது.

விமானப் பயணத்தில் ரிக்கைக் கைப்பையாகவே கொண்டுபோக எவருக்கும் ஆசை இருக்கும், ஆனால் நம் உள்நாட்டு விமானங்களில் அதற்கான வரம்பு 7 கிலோ. ரிக்கோ பத்துக் கிலோவை ஒட்டி நிற்கும். நான் முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, மறுத்தால் கடினமான பெட்டியில் வைத்து அனுப்பிவிடுகிறேன். ஏ.ஏ.டி.யோடு தரப்படும், எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் அட்டை பாதுகாப்புச் சோதனையில் பலமுறை பேச்சைச் சுருக்கியிருக்கிறது. அதை ரிக்கின் பையில் வைக்காமல் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேள்வி வரும்போது ரிக் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.