சர்வீஸ் செட்டிங்கை எங்கே எழுதுவது: டிஃபால்ட் ஃபைலிலா, டிராப்-இன்னிலா?

போன வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றிக் கொடுத்தேன். லினக்ஸில் ஒரு வகையான டெபியன்தான். மெஷின் ஆன் ஆகும்போது பில்லிங் சர்வீஸ் எப்படி, எதற்குப் பிறகு தொடங்க வேண்டும் என்ற செட்டிங்கை எங்கே எழுதி வைப்பது என்பதை இந்தத் தடவை நன்றாக யோசித்தே முடிவு செய்தேன். மூன்று வழி இருக்கிறது. சர்வீஸின் தொடக்க ஸ்கிரிப்டையோ, அது எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் யூனிட் ஃபைலையோ நேரடியாகத் திருத்தலாம். செட்டிங் ஃபைல்கள் இருக்கும் இடிசி-க்குள் (/etc) உள்ள டிஃபால்ட் ஃபோல்டரில் வேரியபிள்களாக எழுதலாம். இல்லையென்றால், சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியின் டிராப்-இன் ஃபைல்; அதாவது யூனிட் ஃபைலைத் தொடாமல் அதன் மேல் நம் வரிகளைச் சேர்க்கும் தனி ஃபைல். நான் டிராப்-இன்னைத்தான் எடுத்தேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மூன்றிலும் சர்வீஸ் தொடங்கும், வேகத்திலும் வித்தியாசம் கிடையாது. அதனால் அதை விட்டுவிடலாம். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: பேக்கேஜ் (சாஃப்ட்வேர் தொகுப்பு) அப்டேட் வந்த பிறகு நான் எழுதியது மிஞ்சுமா?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதே கடையின் பழைய மெஷினில், பேக்கேஜ்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் லிப் ஃபோல்டருக்குள் இருந்த யூனிட் ஃபைலை நேராகத் திறந்து இரண்டு வரி சேர்த்திருந்தேன். மரியாடிபி டேட்டாபேஸ் எழுந்த பிறகே பில்லிங் தொடங்கட்டும் என்று ஒரு ‘ஆஃப்டர்’ வரி. தொடங்காமல் விழுந்தால் பத்து செகண்ட் விட்டு மறுபடி முயலட்டும் என்று ஒரு ‘ரீஸ்டார்ட்செக்’ வரி. கோடையில் ஒரு அப்டேட் வந்து அந்த ஃபைலை மாற்றிவிட்டுப் போனது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் பில்லிங்கும் நன்றாகவே எழுந்தது, எனக்கு எதுவும் தெரியவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விடியற்காலையில் கரன்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, மெஷின் முதல் தடவையாக முழுசாக அணைந்து எழுந்தது. கடை திறந்ததும் போன்: “தம்பி, கம்ப்யூட்டர் எந்திரிச்சிருச்சு, பில்லு மட்டும் வரமாட்டேங்குது.”

நடந்தது இதுதான். ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்ட் மட்டுமே பொறுத்துவிட்டு மறுபடி தொடங்கும். 10 செகண்டுக்குள் 5 தடவை தொடங்கியும் விழுந்தால் அதோடு கைவிட்டுவிடும். டேட்டாபேஸ் தயாராவதற்குள் அந்த ஐந்து தடவையும் முடிந்துபோயிருந்தது. வாசலில் தீபாவளிக் கூட்டம், உள்ளே கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டம்டிக்கு முந்தைய இனிட் ஸ்கிரிப்ட் காலத்தில் இப்படி ஆகியிருக்காது. அந்த ஸ்கிரிப்டுகள் இடிசி-க்குள் கான்ஃபிக் ஃபைல்களாக இருந்தன. நாம் திருத்தியிருந்தால், “உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா” என்று பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நின்று கேட்கும். லிப்பில் இருக்கும் யூனிட் பேக்கேஜின் சொந்தச் சொத்து, அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சரி, டிஃபால்ட் ஃபைல்? அது அப்டேட்டில் அழியாது. ஆனால் யூனிட்டில் ‘என்விரான்மென்ட்ஃபைல்’ என்று எழுதி அதைப் படிக்கச் சொல்லியிருந்தால்தான் பயன். 2015-இல் டெபியன் 8 சிஸ்டம்டிக்கு மாறியபோது பல டிஃபால்ட் ஃபைல்கள் யாரும் படிக்காமல் கிடந்தன. உள்ளே ‘ஸ்டார்ட் = நோ’ என்று இருக்கும், சர்வீஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். படித்தாலும், கமாண்டுகளை இயக்கும் ஷெல் படிப்பதுபோல் படிக்காது. ஒரு வேரியபிளுக்குள் டாலர் குறி போட்டு இன்னொன்றை அழைத்தால் அது விரியாமல் அப்படியே எழுத்தாகப் போய் நிற்கும். அப்புறம், ‘ஆஃப்டர்’, ‘ரீஸ்டார்ட்’, மெமரி வரம்பு இதையெல்லாம் அங்கே எழுதவே முடியாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தனி ஃபைலை இன்னும் வைத்திருக்கிறேன்: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட். யூனிட்டிலேயே ‘என்விரான்மென்ட்’ வரியாக எழுதினால் மெஷினில் கணக்கு உள்ள யாரும் சிஸ்டம்டியின் கமாண்டான ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ போட்டுப் பார்த்துவிடலாம். அதனால் அது 600 பெர்மிஷனோடு, அதாவது ஃபைலின் சொந்தக்காரர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்படி, தனியே இருக்கிறது.

மற்றதெல்லாம் டிராப்-இன்னில். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்று சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் இடிசி-க்குள் அந்தச் சர்வீஸுக்கென ஒரு ஃபோல்டரும் அதில் ஒரு சின்ன ஃபைலும் உருவாகும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் எழுதினால் போதும். பேக்கேஜ் தன் யூனிட்டை எத்தனை தடவை மாற்றினாலும் நம் வரிகள் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’. மூல யூனிட், அதன் கீழே நம் டிராப்-இன், ஒவ்வொன்றின் தலையிலும் அது இருக்கும் இடம் என்று எல்லாம் ஒரே திரையில் வரும். இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் வந்தாலும் நான் என்ன மாற்றினேன் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்வார். மெஷின் மாற்றும்போதும் அந்த ஒரு ஃபைலை எடுத்துப்போனால் போதும். போன வாரம் அப்படித்தான் செய்தேன்.

இடறும் இடங்களும் உண்டு. எந்தக் கட்டளையால் தொடங்குவது என்று சொல்லும் ‘எக்ஸெக்ஸ்டார்ட்’டை மாற்றுவதென்றால் முதலில் அதை வெறுமையாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று சர்வீஸ் தொடங்க மறுக்கும். எடிட்டரில் கையால் ஃபைலை உருவாக்கினால் ஃபைல்களை மறுபடி படிக்கச் சொல்லும் ‘டேமன்-ரீலோட்’ கொடுக்க மறக்கக் கூடாது. ‘எடிட்’டோடு ‘ஃபுல்’ என்று சேர்த்தால் யூனிட் முழுவதும் நகலாகி இடிசி-க்குள் வந்துவிடும். பேக்கேஜ் அப்புறம் செய்யும் நல்ல திருத்தங்கள் எதுவும் அதில் சேராது. அதை நான் தவிர்க்கிறேன்.

லினக்ஸ் அல்லாத யூனிக்ஸ் வகை சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டியை ஒரே மெஷினில் ஆறு மாதம்தான் ஓட்டினேன், அதனால் அதைப் பற்றி அந்த அளவுக்கே சொல்ல முடியும். எல்லா சர்வீஸுக்கும் ஆர்சி டாட் கான்ஃப் என்ற ஒரே ஃபைல், அதைத் திருத்த சிஸ்ஆர்சி என்ற கமாண்ட். ஒரே இடத்தில் எல்லாம் கண்ணில் படுவது வசதியாகவே இருந்தது.

மேலூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எடைமேடையோடு ஒரு பழைய டெபியன் 7 மெஷின் நெட் இணைப்பு இல்லாமல் ஓடுகிறது. அதில் இன்னும் இனிட் ஸ்கிரிப்ட்தான், டிராப்-இன்னுக்கு வழியில்லை. அங்கே டிஃபால்ட் ஃபைலிலேயே எழுதி, தேதியையும் காரணத்தையும் மேலே கமென்டாகப் போட்டு வைத்திருக்கிறேன்.